கவுன்டர்வெயிட் வாங்கப் போகும் மகனுக்கு

கண்ணா,

நீ கேட்ட கேள்விக்குப் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீ அனுப்பின மூன்று படங்களில் மூன்றாவது வேண்டாம், இரண்டாவது வேண்டவே வேண்டாம், முதலாவதை வாங்கு. இத்தோடு நிறுத்திக்கொள்கிற ஆளா இந்த அம்மா என்று நீ சிரிப்பது இங்கே கும்மிடிப்பூண்டி வரைக்கும் கேட்கிறது. நிறுத்த மாட்டேன். போனில் சொன்னால் பாதியிலேயே "மீட்டிங் இருக்குதும்மா" என்று வைத்துவிடுவாய். காகிதத்தை அப்படி வைத்துவிட முடியாது. உன் அப்பா ஊத்துக்கோட்டைப் பக்கம் பத்திரிகை வைக்கப் போயிருக்கிறார். உன் தங்கை நித்யா பிளவுஸ் தைக்க அளவு கொடுக்கப் போயிருக்கிறாள். அவள் கல்யாணத்துக்கு வீடே தலைகீழாகக் கிடக்கிற ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தில், எல்லா வேலையையும் போட்டுவிட்டு உட்கார்ந்து உனக்கு எழுதுகிறேன் என்றால், விஷயம் கவுன்டர்வெயிட் மட்டும் இல்லை என்று உனக்கே தெரிந்திருக்கும். ஆனாலும் அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன். எனக்குத் தெரிந்த பாஷை அதுதான்.

உன் ரெக்கார்டு பிளேயரில் ஊசியைத் தாங்கிக்கொண்டு போகிற கை இருக்கிறதே, அந்த டோன்ஆர்ம், அதன் முன்னால் ஊசி மாட்டின கார்ட்ரிட்ஜ், பின்னால் வாலில் ஓர் எடை, அதுதான் கவுன்டர்வெயிட். முன்பாரத்துக்குப் பின்பாரம் ஈடுகொடுத்து, ஊசி இசைத்தட்டின் மேல் இரண்டு கிராம் மட்டும் அழுத்துகிற மாதிரி நிறுத்திவைப்பதுதான் அந்த எடையின் வேலை. நீ மூன்று வருஷத்துக்கு முன்னால் கார்ட்ரிட்ஜைக் கனமானதாக மாற்றினாய். பழைய எடை அதற்கு ஈடுகொடுக்க முடியாமல் வாலின் கடைசி மரைக்குப் போய், பாதி உடம்பு வெளியே தொங்கிக்கொண்டிருக்கிறது. அதை இத்தனை நாள் ஓட்டினதே பெரிய விஷயம். மூன்றாவது படத்தில் இருக்கிறது பார், வாலின் நுனியில் ஒட்டிவிடுகிற குட்டி எடை, அது கணக்கைச் சரிக்கட்டும், ஆனால் பாரத்தை இன்னும் தூரத்துக்குக் கொண்டுபோகும். தண்ணீர் பக்கெட்டை உடம்போடு ஒட்டித் தூக்குவதற்கும் கையை நீட்டித் தூக்குவதற்கும் வித்தியாசம் இருக்கிறது அல்லவா? கொஞ்சம் நெளிந்த தட்டாக இருந்தால் ஆர்ம் மேலும் கீழும் ஏறி இறங்கவேண்டும். தூரத்தில் தொங்குகிற பாரத்தைச் சுமந்துகொண்டு அதனால் சட்டென்று இறங்க முடியாது, ஊசி எகிறிவிடும். கனம் அதிகமாக, உருவம் சின்னதாக, ஆர்ம் திரும்புகிற அச்சுக்குப் பக்கத்திலேயே உட்காருகிற எடைதான் உனக்கு வேண்டும். முதல் படத்தில் இருப்பது அதுதான். ஓட்டை நடுவில் இல்லாமல் மேல்பக்கமாகத் தள்ளி இருக்கிறது, கவனித்தாயா? பாரம் ஆர்முக்குக் கீழே தொங்கும், அதனால் ஆடாமல் நிற்கும். உள்ளே ரப்பர் வளையம் வேறு இருக்கிறது, இரும்போடு இரும்பு உரசாது. யோசித்துச் செய்தவன் செய்திருக்கிறான்.

இதையெல்லாம் எந்த வீடியோவைப் பார்த்தும் சொல்லவில்லை. இருபத்தாறு வருஷமாக சிப்காட்டில் பாலன்சிங் மெஷின் முன்னால் நிற்கிறேன். ஆலைகளுக்குப் போகிற ராட்சச ஃபேன்களைச் சுற்றவிட்டு, எந்தப் பக்கம் இழுக்கிறது என்று பார்த்து, எதிர்ப்பக்கம் எடை வைத்து அடக்குவதுதான் என் பிழைப்பு. நம் வீட்டு ஹால் ஃபேன் ஒரு காலத்தில் ஆடின ஆட்டத்துக்கு ஒரு ரூபாய்க் காசை றெக்கை மேல் டேப் போட்டு ஒட்டினேனே, ஞாபகம் இருக்கிறதா? உன் காலேஜ் சிநேகிதர்கள் வந்தபோது, "அம்மா, அந்தக் காச எடுத்துடும்மா, மானம் போவுது" என்று கெஞ்சினாய். எடுக்கவில்லை. இன்னும் அங்கேதான் இருக்கிறது. ஃபேனும் ஆடவில்லை, யார் மானமும் போகவில்லை. எடை எவ்வளவு என்று எல்லோரும் கேட்பார்கள், எந்த இடத்தில் என்று கேட்கிறவள் நான். அதனால் இந்த விஷயத்தில் அம்மா சொல்வதை நீ கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம்.

இப்போது இரண்டாவது படத்துக்கு வருகிறேன். உன் மனசு அதில்தான் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். பித்தளை, பார்க்க லட்சணமாக இருக்கிறது, மரை போட்டது, பழைய எடையின் முகத்தில் இருக்கிற எண் வளையத்தைக் கழற்றி இதில் மாட்டிக்கொள்ளலாம் என்று வேறு எழுதியிருக்கிறான். அந்த வசதிக்காகத்தான் அது வேண்டாம் என்கிறேன். அந்த எண்கள் பழைய எடைக்காக அச்சடித்தவை. அதில் ஒரு சுற்றுத் திருப்பினால் இவ்வளவு பாரம் முன்னால் போகும் என்று கணக்குப் பண்ணிப் போட்டது. கனமான எடையில் அதே வளையத்தை மாட்டி அதே அளவு திருப்பினால், அதைவிட அதிக பாரம் முன்னால் போய்விடும். வளையம் இரண்டு என்று காட்டும். ஊசியோ மூன்றரை கிராம் அழுத்திக்கொண்டிருக்கும். பார்த்தால் தெரியாது, கேட்டாலும் உடனே தெரியாது. தெரிகிறபோது தட்டு போயிருக்கும். இது எப்படி எனக்கு இவ்வளவு துல்லியமாகத் தெரியும் என்று நீ கேட்கவேண்டும். கேட்கிறாயா?

சொல்கிறேன். அதற்கு முன்னால் அந்த நாதஸ்வரத் தட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். என் கல்யாணத்துக்கு ஊத்துக்கோட்டையிலிருந்து ரேடியோ செட் வைக்க வந்தவர், ஊரெல்லாம் கேசட்டுக்கு மாறின பிறகும் இசைத்தட்டை விடாதவர். காலையில் பந்தலில் அவர் போட்ட ஒரு நாதஸ்வரத் தட்டைப் பற்றி உங்கள் இரண்டு பேரிடமும் எத்தனையோ தடவை பேசியிருக்கிறேன். அட்டையில் இருந்த சிவப்பு யானையைத் தவிர எனக்கு வேறு அடையாளம் தெரியாது. அதை வைத்துக்கொண்டு நீ மூர் மார்க்கெட்டில் எத்தனை சனிக்கிழமை அலைந்தாய் என்று எனக்குத் தெரியும். கடைசியில் அதைக் கண்டுபிடித்து, எங்கள் கல்யாண நாளில் என் கையில் கொடுத்தபோது நான் அழுதேன். அப்பா, "இன்னாத்துக்கு இப்ப அழுவுற, பையன் நல்லதுதானே செஞ்சிக்கிறான்" என்று கேட்டார். எனக்கு யாரும் அப்படித் தேடி அலைந்து எதையும் வாங்கிக் கொடுத்ததில்லை கண்ணா. உன் அப்பா தங்கமான மனுஷர், ஆனால் அவருக்கு எல்லாத் தட்டும் ஒரே சத்தம்தான்.

நீ கார்ட்ரிட்ஜை மாற்றிவிட்டு பெங்களூர் போய்விட்டாய். பிளேயர் இங்கேயே இருந்தது. தட்டில் நெளிவு இருந்த இடத்தில் ஊசி எகிறிக்கொண்டே இருந்தது. எனக்கு எகிறுகிற பொருளைப் பார்த்தால் கை சும்மா இருக்காது. பழைய எடையைக் கழற்றி வெர்னியரில் அளவெடுத்தேன். எங்கள் கம்பெனி லேத்தில் நிற்கிற ஏழுமலை அண்ணனிடம் கொடுத்து, அதே மரை, அதே ஓட்டை, பித்தளையில் கனமாக ஒன்று கடைந்து தரச் சொன்னேன். "இன்னாம்மா, ஊட்டுக்குள்ள ஃபேக்டரி வெச்சிட்டியா" என்று கேலி செய்துகொண்டே டீ டைமில் கடைந்து கொடுத்தார். தங்கம் மாதிரி இருந்தது. பழைய எடையின் எண் வளையத்தைக் கழற்றி அதில் மாட்டினேன். ஆர்மைச் சமமாக நிறுத்தினேன், வளையத்தை இரண்டில் வைத்தேன். ஊசி எகிறவே இல்லை. நெளிவில் அப்படியே கெட்டியாகப் பிடித்துக்கொண்டு போனது. அடடா, பெரிய எஞ்சினியர் நீ என்று என் முதுகில் நானே தட்டிக்கொண்டேன். ரெண்டு மாசம், தினமும் காலையில் டிபன் கட்டுகிற நேரத்துக்கு அந்தத் தட்டுதான்.

கம்பெனியில் புது மாடல் ஃபேன் வந்தால், பழைய மாடலின் சார்ட்டைப் பார்த்து எடை வைக்கிற பெண்களை நான் எப்படித் திட்டுவேன் தெரியுமா? "புது சாமானுக்குப் பழைய அளவா, கண்ணு இன்னா பொடனிலயா இருக்குது" என்று ஷெட்டே அதிரக் கத்துவேன். அந்த நான் வீட்டில் அதையேதான் செய்தேன். ஒரு நாள் நாதஸ்வரம் உச்சிக்குப் போகிற இடத்தில் தொண்டை கட்டின மாதிரி ஒரு கரகரப்பு. மறுநாள் இன்னும் கொஞ்சம். அப்போதுதான் கம்பெனி ஸ்டோரிலிருந்து குட்டித் தராசு ஒன்றை வாங்கிக்கொண்டு வந்து ஊசிக்குக் கீழே வைத்தேன். மூன்று புள்ளி ஐந்து. ஊசி எகிறாததற்குக் காரணம் என் கைத்திறமை இல்லை, அழுத்தி உழுதுகொண்டே போயிருக்கிறது. அன்றைக்கே பித்தளை எடையைக் கழற்றி, பழையதை வளையத்தோடு திரும்ப மாட்டினேன். பித்தளையை உளுத்தம்பருப்பு டப்பாவுக்குள் போட்டு மூடினேன். உன்னிடம் நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். நிஜமாகவே அப்படித்தான் நினைத்தேன்.

அப்புறம் பொங்கல் வந்தது, நீ வந்தாய். வந்ததும் வராததுமாக அந்தத் தட்டைப் போட்டாய். உன் முகம் மாறினது அடுப்பங்கரையிலிருந்து எனக்குத் தெரிந்தது. "யாரு தொட்டது இத?" என்றாய். முந்தின மாசம் நித்யாவின் சிநேகிதிகள் வந்து பாட்டுப் போட்டு ஆடினதை அப்பா விளையாட்டாகச் சொல்லி வைத்திருந்தார். அவள், "நாங்க ஒரே ஒரு தபாதான் போட்டோம்ணா, அதுவும் வேற தட்டு" என்றாள். நீ விடவில்லை. பெரியப்பா வீட்டு ஆட்களெல்லாம் கூடத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். "உனுக்கு ஒரு பொருளோட அருமை தெரியுமாடி? அம்மாக்கு வாங்கிக் குடுத்தத நாசம் பண்ணிட்டு நின்னுக்கினு பேசுற" என்று கத்தினாய். அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. ஒரு தடவை என் பக்கம் பார்த்தாள். நான் பொங்கலைக் கிண்டிக்கொண்டிருந்தேன். அடி பிடித்துவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு கிண்டினேன். நீ ஊசியை மாற்றிப் போட்டுப் பார்த்தாய், கரகரப்பு போகவில்லை. மறுநாள் பிளேயரைத் தூக்கிக்கொண்டு போனாய், தட்டை இங்கேயே விட்டுவிட்டாய்.

அவள் செய்யவில்லை கண்ணா. நான் செய்தேன்.

ஏன் அப்போதே வாயைத் திறக்கவில்லை என்று இந்த மூன்று வருஷத்தில் நிறைய யோசித்திருக்கிறேன். உன் கோபத்துக்குப் பயம் என்று சொன்னால் பொய். கம்பெனியில் எத்தனை மேனேஜர்களின் கோபத்தைப் பார்த்தவள் நான். நீ சனிக்கிழமை சனிக்கிழமையாக அலைந்து கொண்டுவந்ததை நானே கெடுத்தேன் என்று உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. இன்னொன்றும் இருக்கிறது, அதுதான் எனக்கே பிடிக்காதது. நித்யா தாங்கிக்கொள்வாள் என்று நினைத்தேன். பெண்பிள்ளை, ரெண்டு நாள் அழுவாள், சரியாகிவிடும் என்று. உன்னை நோகவைக்க முடியாத நான் அவளை நோகவிட்டேன். என் அம்மாவும் என் அண்ணனுக்காக என்னை இப்படித்தான் விட்டாள், நான் என் வீட்டில் அப்படி இருக்கமாட்டேன் என்று எத்தனை வாய் பேசியிருக்கிறேன். ரெண்டு நாளில் சரியாகவும் இல்லை. அதற்குப் பிறகு நீ அவளோடு பேசினதை விரல்விட்டு எண்ணிவிடலாம். மாப்பிள்ளை வீட்டார் வந்தபோது வீடியோவில் தலையைக் காட்டினாய். தேதி குறித்துச் சொன்னபோது, "நான் நேரா முகூர்த்தத்துக்கு வந்துடறேன்மா. மொத நாள் மாப்பிள்ளைக்கு மால போட்டு உள்ள கூப்டுறதுக்கெல்லாம் பெரியப்பா பையன சொல்லிடு" என்றாய். இப்போது கவுன்டர்வெயிட் கேட்டு அனுப்பின மெசேஜிலும் கடைசி வரி, "இதையாவது யார் கையும் படாம வெச்சிக்கணும்". அந்த வரியைப் படித்துவிட்டு மெஷினை நிறுத்தி ஓரமாக நின்றேன்.

எங்கள் ஷெட்டில் ஒரு வழக்கம் உண்டு. தப்பான பீஸ் ஒன்று வெளியே வந்தால் அதில் சிவப்பு அட்டை கட்டவேண்டும். என்ன பழுது, எதனால், யார் செய்தது என்று எழுதி, செய்த ஆளே கையெழுத்துப் போடவேண்டும். அட்டை கட்டாமல் அந்த பீஸை அடுத்த மெஷினுக்குத் தள்ளக்கூடாது, தள்ளினால் பழி அங்கே நிற்கிறவன் தலையில் விழும். புதிதாக வருகிற பெண்கள் அந்த அட்டையைப் பார்த்தால் அழுவார்கள். நான் என் கையெழுத்துப் போட்ட பழைய அட்டைகளை எடுத்துக் காட்டி, இவ்வளவுதான், ஒன்றும் ஆகாது, போட்டுவிட்டு வேலையைப் பார் என்று சொல்வேன். இந்தக் கடிதத்தோடு வருகிற பார்சலைப் பிரித்துப் பார். ஏழுமலை அண்ணன் கடைந்த பித்தளை எடை அதில் இருக்கிறது. சிவப்பு அட்டை கட்டி, பெயர் எழுதி, கையெழுத்துப் போட்டிருக்கிறேன். கூடவே ஒரு குட்டித் தராசும் வைத்திருக்கிறேன். புது எடையை மாட்டினதும் எந்த வளையத்தையும் பார்க்காதே, ஊசியைத் தராசில் வைத்துப் பார். இரண்டு கிராம் வந்தால் எடையின் திருகை இறுக்கு, அதற்கு முன்னால் ஒரு தட்டைக்கூடப் போடாதே.

உபதேசம் இல்லாமல் அம்மா கடிதம் முடியாது, அதனால் ஒன்றே ஒன்று. உனக்குக் கோபம் வருவது தப்பில்லை, என் பிள்ளைக்கு வராமல் போனால்தான் ஆச்சரியம். ஆனால் கத்துவதற்கு முன்னால் அளந்து பார். அன்றைக்கு நீ நித்யாவிடம் எந்தத் தட்டு, எத்தனை தடவை என்று பொறுமையாகக் கேட்டிருந்தால், அவள் சொல்வது சரிதான் என்று உனக்கே புரிந்திருக்கும். அவ்வளவு புத்தி உனக்கு உண்டு. உன் கோபத்தில் என் பங்கு முக்கால்வாசி. மீதி உன்னுடையது, அதை நீதான் பார்த்துக்கொள்ளவேண்டும். நாளைக்கு உனக்கும் ஒருத்தி வருவாள். அவளிடமும் இப்படிக் கத்தினால், காப்பாற்ற அம்மா அங்கே வரமாட்டேன், அவள் பக்கம்தான் நிற்பேன்.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. போன வாரம் நித்யாவைப் பக்கத்தில் உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். நகை டப்பாவைத் துடைத்துக்கொண்டிருந்தாள். தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "தெரியும்மா" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "அந்தப் பொங்கல் அன்னிக்கே தெரியும். வடைக்கு ஊறப்போடலாம்னு உளுந்து டப்பால கைய வுட்டேன், கையில வந்திச்சி. நீ அத மாட்டி பாட்டுக் கேட்டுக்கினு இருந்தத நான் பாத்திருக்கேன்ல?" அப்படியானால் ஏன்டி சொல்லவில்லை என்று கேட்டேன். "நீ சொல்லுவேன்னு பாத்துக்கினே இருந்தேன். நாளாயிடிச்சி. நான் சொன்னா அண்ணன் உங்கிட்டயும் பேசாம போயிடும். எங்கிட்ட பேசாட்டி பரவால்ல, எனுக்கு நீ இருக்கிற. உனுக்கு ஃபோன் பண்ணலன்னா நீ இன்னா பண்ணுவ?" அவ்வளவுதான் சொன்னாள். சொல்லிவிட்டு, மாட்டல் கொக்கி லூசாக இருக்கிறது, தட்டானிடம் கொடுக்கவேண்டும் என்று வேறு பேச்சுக்குப் போய்விட்டாள்.

ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் உன் போன் வரும். நான் சிரித்துப் பேசுவேன், அவள் அந்தப் பக்கம் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருப்பாள். மூன்று வருஷமாக அந்தப் போனை எனக்குப் பத்திரமாக வைத்திருந்தது அவள்தான் என்று இப்போதுதான் எனக்குத் தெரிகிறது. என்னைத் திட்டவேண்டும் என்று தோன்றினால் நன்றாகத் திட்டு, நான் தாங்குவேன், அதற்குரியவள்தான் நான். ஆனால் இந்தத் தடவை முதல் போன் எனக்கு வேண்டாம், அவளுக்குப் போடு. என்ன பேசுவது என்று தெரியாவிட்டால் எந்தக் கவுன்டர்வெயிட் வாங்கலாம் என்று கேள், அவள் என் மகள், சரியாகத்தான் சொல்லுவாள்.

அந்தத் தட்டைத் துடைத்து உறையில் போட்டு வைத்திருக்கிறேன். கல்யாணத்துக்கு முதல் நாள் சாயங்காலம் மாப்பிள்ளை வருகிறபோது கரகரப்போடு அதைத்தான் போடப் போகிறோம், நித்யாதான் வேண்டும் என்று கேட்டாள். பிளேயரைத் தூக்கிக்கொண்டு நீ மத்தியானமே வந்து சேர். மாப்பிள்ளைக்கு நீ போடவேண்டிய மாலைக்குச் சொல்லியாகிவிட்டது. பெரியப்பா பையனிடம் சொல்லச் சொன்னாயே, அவனிடம் நான் கேட்கவே இல்லை.

அம்மா